படகு அடுப்புக்கு ஸ்பிரிட் வாங்கியவள்

தனலெட்சுமியை நல்லவள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாய் அப்படி. கிள்ளானுக்குப் பக்கத்துத் தீவான பூலாவ் இண்டாவில் பணக்காரர்களின் படகுகள் கட்டிக் கிடக்கும் துறையில் எனக்கு டோபி வேலை. படகுக்காரர்களின் படுக்கை விரிப்பு, துண்டு, சட்டை எல்லாம் என்னிடம்தான் வரும். அவளுக்கு அதே துறையில் படகு கழுவும் வேலை. தினமும் என் மெஷினில் தன் துணியைப் போட்டுவிட்டு, சோப்புத்தூளையும் என் டப்பாவிலிருந்தே அள்ளிக்கொள்வாள். ஏன்டி என்று கேட்டால், "என்ன இப்போ, ஒங்கப்பன் வீட்டு சோப்பா?" என்பாள். அது துறையின் சோப்பு.

அவளுக்குப் பிடிக்காத படகுக்காரரின் தளத்தைக் கழுவும்போது வாளியை வேண்டுமென்றே அவர் செருப்பின் மேல் கவிழ்ப்பாள். பிறகு "அய்யோ சோரி பாஸ்" என்று பல்லைக் காட்டுவாள். அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள். இப்படி ஆயிரம் வேண்டாத வேலை செய்பவள் வீட்டுக்குப் போனால் மட்டும் பெட்டிப்பாம்பு.

வீடு என்றால் அவள் வீடு இல்லை. தம்பி இராமலிங்கத்தின் பிளாட், சாலாக் செலாத்தானில். ஜெஞ்சாரோம் சாலையில் லோரி கவிழ்ந்து அவள் புருஷன் செத்த பிறகு தம்பிதான் கூட்டிக்கொண்டு வந்தான். பிள்ளை கிடையாது. ஹாலில் ஒரு மூலையில் கயிறு கட்டி, துணித்திரை போட்டு, அதற்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள். தம்பி பெண்டாட்டி சந்திரகலா டிவி பார்த்து முடிக்கும்வரை திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும், படுக்கக் கூடாது. படுத்தால் திரைக்கு அடியில் கால் தெரிகிறதாம். விருந்தாளி வந்தால் அசிங்கமாம்.

சந்திரகலா கத்த மாட்டாள். கத்துகிறவளாக இருந்தால் தனலெட்சுமி அவளை ஊதித் தள்ளியிருப்பாள். அவள் சிரித்துக்கொண்டே பேசுவாள். போன வருஷம் ஒரு நாள், "அண்ணி, தீபாவளிக்குப் புது சோபா வருது. அந்த மூலையிலதான் போடணும். நீங்க எங்க போவீங்கன்னு யோசிச்சு வச்சுக்குங்க" என்றாள். தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

அதை என்னிடம் சொல்லும்போது தனலெட்சுமி அழவில்லை. "சோபாவுக்கு இருக்கிற மரியாத எனக்கு இல்லடி" என்று சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் சேவுகன் வந்தார். கிள்ளானில் இரண்டு தலைமுறையாக வியாபாரம் செய்யும் செட்டியார் குடும்பம். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு டச்சுக்காரரிடமிருந்து பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருந்தார். படகைக் கழுவ, பார்த்துக்கொள்ள, வருகிற போகிற விருந்தாளிகளுக்குச் சமைத்துப் போட ஒரு ஆள் தேவை. அந்த ஆளுக்கு, போர்ட் கிள்ளானில் அவருடைய சாமான் ஸ்டோருக்கு மேலே இருந்த அறையைத் தங்கக் கொடுப்பதாகச் சொன்னார். தனலெட்சுமி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சன்னலைச் சொல்லவில்லை, குளியலறையைச் சொல்லவில்லை.

"கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்குடி. உள்ளேயிருந்து போட்டுக்கலாம்" என்றாள்.

அதற்கப்புறம் அவள் வேறு ஆளாகிவிட்டாள். யார் செருப்பின் மேலும் வாளி கவிழவில்லை. என் மெஷினுக்குத் தன் சோப்பையே கொண்டுவந்தாள். அந்த ஒரு தாழ்ப்பாள் அவளை அப்படி ஆட்டி வைத்தது.

ஒரு நிபந்தனை இருந்தது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவதுபோல் இந்தப் படகுக்கும் பால் காய்ச்சி ஆக வேண்டும் என்று சேவுகனின் மனைவி மெய்யம்மை ஆச்சி முடிவு செய்திருந்தார். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் நித்யா கையால் காய்ச்ச வேண்டும். நாள் பார்த்து, நல்ல நேரம் குறித்து, உறவுக்காரர்களை எல்லாம் அழைத்தாகிவிட்டது. பால் பொங்கி வழிகிற நொடியில் படகின் ஹாரனை அடிக்கப்போவதாகச் சேவுகன் சின்னப் பையனைப்போல் சொல்லிக்கொண்டு திரிந்தார். "அன்னிக்கு எல்லாம் ஒழுங்கா நடந்திடட்டும், அப்பவே சாவி உங்க கையில" என்றார் தனலெட்சுமியிடம்.

சிக்கல் அடுப்பில் இருந்தது. படகில் கேஸ் கிடையாது. கேஸ் கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தங்கிவிடும், ஒரு பொறி போதும் என்று பயந்து டச்சுக்காரர் ஸ்பிரிட்டில் எரியும் அடுப்பை வைத்திருந்தார். சேவுகனுக்கும் அதே பயம். அடுப்பின் மேல்தட்டைத் தூக்கினால் உள்ளே தகர டப்பா ஒன்று உட்கார்ந்திருக்கும். டப்பாவுக்குள் பஞ்சுபோல் ஏதோ அடைத்திருக்கும். அடுப்பு ஆறிக் கிடக்கும்போது டப்பாவை வெளியே எடுத்து ஸ்பிரிட்டை ஊற்ற வேண்டும். பஞ்சு குடித்துக்கொள்ளும். பிறகு டப்பாவை உள்ளே வைத்துப் பற்ற வைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ஊற்றவே கூடாது. பக்கத்துப் படகில் குடியிருக்கும் வெள்ளைக்காரக் கிழவர் கையைக் காலை ஆட்டி அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதில் பாதி எனக்கும் புரிந்தது.

எந்த ஸ்பிரிட் என்பதுதான் கேள்வி. முதலில் கிள்ளானில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனோம். சீனக் கடைக்காரர் ஊதா நிறத்தில் ஒரு பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்து, "மினும் தா போலே ஆ" என்றார், இதைக் குடிக்கக் கூடாது என்று. பெயிண்ட் பிரஷ் கழுவ வாங்கும் சீனர்களிடமும் இப்படித்தான் சொல்வாரா என்று தெரியாது. தமிழ்ப் பெண்கள் ஸ்பிரிட் கேட்டால் வீட்டில் ஒருத்தன் குடிக்கக் காத்திருப்பான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். "மொதல்ல ஒனக்கு ஊத்திட்டு அப்புறம் நான் குடிக்கிறேன்" என்று தனலெட்சுமி தமிழில் சொல்லிவிட்டு, பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டாள்.

அதைப் படகில் கொளுத்திக் காட்டினாள். ஆச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே ஏறிவிட்டார். "சாராயக்கடை மாதிரி நாறுது தனலெட்சுமி. சாமி காரியத்துக்கு இதையா வைப்பாங்க? நிறம் வேற விஷம் மாதிரி இருக்கு."

அடுத்து பார்மசியில் கையும் காயமும் துடைக்கிற ஸ்பிரிட். அது நன்றாகவே எரிந்தது. மஞ்சளாக, உயரமாக, கண்ணுக்கு நிறைவாகத் தீ நின்றது. எனக்கு அதுதான் பிடித்தது. ஆனால் பாத்திரத்தின் அடி கரிப்பிடித்துக் கன்னங்கரேலென்று ஆனது. ஆச்சி விரலால் தடவிப் பார்த்தார். "காரைக்குடியிலேருந்து பித்தளைப் பானை வரவழைச்சிருக்கேன். மருமக மொதமொதல்ல வைக்கிற பானை கரியா இருந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார். நாலு பேர் பானையின் அடியைத் தூக்கிப் பார்ப்பார்களா என்று கேட்க வாய்வரை வந்தது. தனலெட்சுமி என் கையைக் கிள்ளினாள்.

கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். விருந்துகளில் சாப்பாட்டைச் சூடாக வைக்கும் தட்டுகள், விளக்குகள் விற்கும் மாடிக்கடை ஒன்று. அங்கே தண்ணீர்போல் சுத்தமான ஸ்பிரிட் இருந்தது. வாசம் கிட்டத்தட்ட இல்லை. கரி படியாது என்று கடைக்காரப் பெண் சத்தியம் செய்தாள். ஊதாவுக்கு ஏமாந்தது போதும் என்று தனலெட்சுமி கீழே கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையின் ஓரத்தில் குந்தி, பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றி, தீக்குச்சியைக் காட்டினாள். உச்சி வெயிலில் கண் கூசியது. மூடி சும்மா கிடந்தது.

"பத்தலையேடி" என்றேன்.

அவள் கைப்பையிலிருந்து டிஷ்யூ ஒன்றை எடுத்து மூடிக்கு மேலே நீட்டினாள். டிஷ்யூ பக்கென்று எரிந்தது. போவோர் வருவோர் திரும்பிப் பார்த்தார்கள். "எரியுதுடி! வெயில்ல தெரியல, அவ்ளோதான்" என்றாள். வாசமும் இல்லை, கரியும் இல்லை, தீயே இருப்பதுபோல் இல்லை. ஆச்சிக்கு இதைவிடச் சுத்தமாக என்ன வேண்டும் என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு எனக்கு வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தந்தாள்.

ஆச்சிக்கும் பிடித்துவிட்டது. முகர்ந்து பார்த்து, "இதுதான் சுத்தம்" என்றார். "ஆச்சி, இது எரியிறது கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் கவனமா இருக்கணும்" என்று தனலெட்சுமி சொன்னாள். "அதான் நீங்க இருக்கீங்களே" என்றார் ஆச்சி.

அப்படிச் சொன்ன வாய்தான் விசேஷத்துக்கு முதல் நாள் வேறு ஒன்று சொன்னது. நான் துவைத்த திரைச்சீலைகளைக் கொடுக்கப் போனபோது ஆச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தனலெட்சுமி. நான் இதெல்லாம் பாக்குறவ இல்ல. ஆனா சொந்தக்காரங்க வராங்க. நித்யாவுக்கு வேற இது மொத விசேஷம். பால் பொங்கி முடியிற வரைக்கும் நீங்க முன்பக்கத்து ரூம்ல இருந்துக்குங்க. கதவைச் சாத்திக்குங்க. அடுப்பை எப்படி வைக்கிறதுன்னு உள்ளேயிருந்தே நித்யாவுக்குச் சொல்லிக் குடுங்க. பொங்கினதும் நானே வந்து கதவைத் திறக்கிறேன். மொத டம்ளர் பால் உங்களுக்குத்தான்."

புருஷனைத் தின்றவள் முகம் காட்டக் கூடாது. அதைத்தான் அந்த அம்மாள் கையைப் பிடித்து, தடவிக்கொடுத்துச் சொன்னார். சந்திரகலாவாவது கால் தெரியக்கூடாது என்றுதான் சொன்னாள். இவருக்கு ஆளே தெரியக்கூடாது. ஆனால் குரல் மட்டும் வேண்டும்.

தனலெட்சுமி "சரிங்க ஆச்சி" என்றாள்.

வெளியே வந்ததும் நான் அவளைப் பிடித்து உலுக்கினேன். "சரின்னா சொன்னே? ஒன் வாய் எங்கடி போச்சு?"

"சாவி கைக்கு வரட்டும். அப்புறம் ஒக்காந்து திட்டிக்கிறேன்லா" என்றாள். அறைக்கென்று பூப்போட்ட சன்னல் திரை ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அதைக் கொடுத்து மெஷினில் போடச் சொன்னாள்.

மறுநாள் காலை படகு முழுக்க மாவிலையும் சாமந்தியும். உறவுக்காரர்கள் மேல்தளத்திலும் படிக்கட்டிலும் நெருக்கியடித்து நின்றார்கள். வியர்வை துடைக்கத் துண்டுகள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்ததால் நான் படியின் தலைப்பில் நின்றுகொண்டிருந்தேன். கீழே சமையலறை நன்றாகத் தெரிந்தது. சமையலறை என்றால் ஓர் அலமாரி அகலம்தான். அதற்கு அந்தப் பக்கம் முன் அறையின் கதவு, சாத்தியிருந்தது. சேவுகன் ஹாரனைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். நித்யா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். இருபத்தைந்துகூட இருக்காது. பாவம், வீட்டில் தோசைக்கல்லையே தொட்டிருக்க மாட்டாள்.

"டப்பாவில நெறைய ஊத்தியிருக்கேன்மா, போதும். குச்சியக் காட்டுங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

நித்யா தீக்குச்சியைக் காட்டினாள். மேலே கண்ணாடிக் கூரை வழியே வெயில் நேராக அடுப்பின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. தீ தெரியவில்லை. பித்தளைப் பானையை வைத்தார்கள். ஸ்பிரிட் அடுப்புக்கு அவ்வளவு வேகம் கிடையாது. பானையோ பெரிய பானை. பால் அசையவில்லை. உறவுக்காரர்களில் ஒருத்தர் மணியைப் பார்த்தார். இன்னொருத்தரும் பார்த்தார்.

"தீ இருக்கா இல்லையான்னே தெரியலையே" என்றார் ஆச்சி.

"இருக்கு ஆச்சி. பானை மேல கைய வச்சுப் பாருங்க, சுடும்" என்றது கதவு.

நித்யா தொட்டுப் பார்த்தாள். "வெதுவெதுன்னுதான் இருக்கு ஆன்டி. அணைஞ்சிருச்சு போல."

"அணையாதும்மா. கொஞ்சம் பொறுங்க. எதையும் ஊத்திடாதீங்க."

"நீங்க செத்த பேசாம இருங்க தனலெட்சுமி" என்றார் ஆச்சி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தக் குரல் விருந்தாளிகளுக்குக் கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு மருமகளிடம், "நேரம் முடியப் போகுது. சீக்கிரம் ஏதாவது பண்ணும்மா" என்றார்.

நித்யா பானையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்திலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தாள். "ஊத்தாதேம்மா" என்று நான் மேலேயிருந்து கத்தினேன். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி என்னை முறைத்தாள். பாட்டிலின் மூடி, குழந்தைகள் திறக்க முடியாதபடி அழுத்தித் திருக வேண்டிய மூடி. திறக்கும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். படகில் அந்த மூடியைத் திறந்து திறந்து தனலெட்சுமிக்குப் பழகிய சத்தம்.

கதவு திறந்தது.

அவள் வந்த வேகத்தில் நித்யா ஒரு பக்கம் போய் விழுந்தாள். அதற்குள் ஊற்றியாகிவிட்டது. ஊற்றிய கோட்டிலேயே தீ ஏறிப் பாட்டிலின் வாயைப் பிடித்தது. பிளாஸ்டிக் பற்றியபோதுதான் எங்கள் கண்ணுக்கே தீ தெரிந்தது. தனலெட்சுமி பாட்டிலைப் பிடுங்கிவிட்டாள். அது அவள் கையிலேயே உருகி வழிந்தது. கையை உதறவில்லை. உதறினால் நித்யாவின் பட்டுப்புடவைமேல் தெறித்திருக்கும். பாட்டிலைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டே, எரியும் இன்னொரு கையால் பித்தளைப் பானையை இழுத்து, பால் முழுவதையும் அடுப்பின் மேலும் தொட்டிக்குள்ளும் தன் கைகளின் மேலும் கவிழ்த்தாள். தீ அணைந்தது. பானை உருண்டு ஆச்சியின் காலடியில் போய் நின்றது.

பால் தரையில் ஓடியது. தனலெட்சுமி கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். வலியில் அவள் வாய் திறந்திருந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. நல்ல காரியத்தில் அழக் கூடாது என்று அப்போதும் நினைத்தாளோ என்னவோ. ஆச்சி பார்த்தது அவள் கையை அல்ல, திறந்து கிடந்த கதவை.

"ஏன் வெளியில வந்தீங்க?" என்றார்.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளுக்கும் முழங்கைவரை கட்டுப் போட்டார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். சேவுகன் டிரைவரிடம் ஒரு கூடை ஆரஞ்சு அனுப்பினார். அவளால் ஓர் ஆரஞ்சின் தோலை உரிக்க முடியவில்லை. நான்தான் உரித்து வாயில் வைத்தேன். "தாப்பாளப் போடுறதுக்கு எந்த விரல் வேணும்டி?" என்று கேட்டாள். கட்டைவிரலும் அடுத்ததும் போதும் என்றேன். அவை இரண்டையும் கட்டுக்குள்ளேயே அசைத்துப் பார்த்துக்கொண்டாள்.

நான் போய் ஆச்சியைப் பார்த்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். நித்யாதான் எரிகிற அடுப்பில் ஊற்றினாள், தனலெட்சுமி வராவிட்டால் அந்தப் பெண் முகத்தோடு வெந்திருப்பாள் என்று உடைத்தே சொன்னேன். நித்யா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நித்யா, நீ ஊத்தினியா?" என்று ஆச்சி கேட்டார்.

நித்யா மாமியாரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "இல்ல அத்தே. நான் பாட்டிலை எடுத்து ஓரமா வைக்கத்தான் போனேன். அவங்க திடீர்னு வந்து தள்ளிட்டாங்க. அதுலதான் கொட்டிருச்சு."

"அடிப் பாவி" என்றேன். ஆச்சி எழுந்து நின்றார். "நீங்க மேல நின்னீங்க. கீழ என்ன நடந்துச்சுன்னு கீழ இருந்த பொண்ணுக்குத்தான் தெரியும். இருங்கன்னு சொன்ன எடத்துல அவங்க இருந்திருந்தா இது எதுவுமே நடந்திருக்காது" என்றார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. டீ குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டார்.

இதைத் தனலெட்சுமியிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "சின்னப் பொண்ணு. மாமியாருக்குப் பயந்திருக்கும்" என்றாள். கதவைத் திறந்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று கேட்டேன். "போடி, எரியிற புள்ளையப் பாத்துக்கிட்டா இருக்க முடியும்?" என்று என்னையே திட்டினாள்.

சாலாக் செலாத்தானில் சோபா வந்துவிட்டது. கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்குப் போனவளுக்கு, சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த நடையில் பாய் போட்டார்கள். "பாத்திரம் கழுவ மாட்டீங்க, துணி தொவைக்க மாட்டீங்க. கை சரியாகிற வரைக்கும் நான் என்னதான் அண்ணி பண்றது?" என்றாள் சந்திரகலா. தலை வாரிவிடக்கூட ஆளில்லை. தம்பி இராமலிங்கம் ஒரு நாள் சீப்பை எடுத்தானாம். பெண்டாட்டி வருகிற சத்தம் கேட்டுக் கீழே வைத்துவிட்டானாம்.

கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் மடங்கவில்லை. கட்டைவிரலும் அடுத்ததும் மட்டும் கொஞ்சம் அசைந்தன. அந்த நிலையில்தான் சேவுகன் போன் செய்தார். மறுபடியும் நாள் பார்த்திருக்கிறோம், அடுப்பைப் பழக்கிவிட ஆளில்லை, நீங்கள் வந்து காட்டிக் கொடுக்க வேண்டும் என்றார். போகாதே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "காரியம் ஆகணும்னாத்தானே கூப்பிடுவாங்க. ரூம மறந்திருக்க மாட்டாங்கடி" என்றாள். பூப்போட்ட திரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

படகில் உஷாராணி என்று புதிதாக ஒரு பெண் நின்றாள். நெற்றி நிறையக் குங்குமம். பக்கத்தில் புருஷன். ஆச்சி வழக்கம்போல் தனலெட்சுமியின் கையைப் பிடிக்க வந்தார், தோலைப் பார்த்துவிட்டுத் தோளைத் தொட்டார்.

"ரூம இவங்களுக்குக் குடுத்துட்டோம் தனலெட்சுமி. ஜோடியா இருக்கிறவங்க பாத்துக்கிட்டாதான் படகுக்கு நல்லதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. நீங்க இந்த அடுப்பை மட்டும் உஷாவுக்குச் சொல்லிக் குடுத்திடுங்க. எல்லாரும் வர்றதுக்குள்ள கிளம்பிடுங்க, சரியா?"

கத்துவாள் என்று நினைத்தேன். வாளியைத் தேடுவாள் என்று நினைத்தேன். அவள் கீழே இறங்கி அடுப்புக்கு முன்னால் நின்றாள். அவள் வாங்கி வைத்த அதே ஸ்பிரிட்டில் மிச்சமிருந்த பாட்டில் தொட்டியின் ஓரத்தில் இருந்தது. அவளால் மூடியைத் திருக முடியாது. உஷாராணியைத் திருகச் சொல்லி, டப்பாவில் ஊற்றச் சொல்லி, ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். "தீ தெரியாது. தெரியலன்னா இல்லைன்னு நெனச்சிடாதே" என்றாள். உஷாராணி தலையை ஆட்டினாள். பிறகு, "நீங்கதானே அன்னிக்குப் பாலைக் கொட்டினவங்க?" என்று கேட்டாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

படியேறும்போது நித்யா எதிரில் வந்தாள். வேறொரு பட்டுப்புடவை. முகத்தில் சின்னத் தழும்புகூட இல்லை. "கை பரவாயில்லையா ஆன்டி?" என்றாள். தனலெட்சுமி வழிவிட்டு ஒதுங்கி நின்று, "பரவாயில்லம்மா" என்றாள்.

துறை வாசலுக்கு வெளியே பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்தோம். விருந்தாளிகளின் கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அவள் மடியில் பையை வைத்துக்கொண்டு, அதற்குமேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் துறைப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. நீளமாக, விடாமல் அடித்தார் சேவுகன். கைதட்டலும் கேட்டது.

"பொங்கிடுச்சு போல" என்றேன்.

"ம்" என்றாள். ஹாரன் நிற்கும்வரை காத்திருந்தாள்.

"நான் கதவத் தொறந்திருக்கக் கூடாதுடி" என்றாள். "அவ எரியட்டும்னு உள்ளேயே ஒக்காந்திருக்கணும்."

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்து அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. கணக்காக யோசித்து முடித்துவிட்ட முகம். எத்தனையோ பேரை வாய்க்கு வந்தபடி திட்டிய அந்த வாயிலிருந்து இப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை. அப்படிச் சொல்லாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த விரல்களைப் பார்த்ததும் என்னால் சொல்ல முடியவில்லை.

பஸ் வந்தது. அவளால் பையிலிருந்து பஸ் கார்டை எடுக்க முடியவில்லை. பூப்போட்ட திரைக்கு அடியில் கையை விட்டு நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.